நம்பிக் கொடுத்த பணம் திரும்பாதபோது: ஜெபத்தையும் காகிதத்தையும் விடாமல் நடப்பது எப்படி

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், காலை நேரத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம்) விற்கிறவள். முன்பு தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். தோட்டம் கைமாறியதும் ஊருக்குள் வந்துவிட்டோம். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

சபையில் பத்தொன்பது வருஷமாகப் பழகிய ஓர் அண்ணன், மகனைக் காலேஜில் சேர்க்க அவசரம் என்று கேட்டார். கூரைத் தகரம் மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த 4,600 வெள்ளியை (ரிங்கிட்) எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதிக்கொள்ளவில்லை. "கர்த்தர் சாட்சி, தங்கச்சி" என்றார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னார். பதினான்கு மாதம் ஓடியது.

நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் ஊருக்கே சொன்னேன், அப்புறம் அழுதேன், அதற்கு அப்புறம்தான் ஜெபித்தேன். கணக்கு எழுதியது எல்லாவற்றுக்கும் கடைசியில். முதன்முறையாக இப்படி அடிபட்டவர்கள் அந்தச் சுற்றுவழியில் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த வரிசையில் போனால் பணம் முழுக்கத் திரும்பும் என்று சொல்லமாட்டேன். எனக்கே திரும்பவில்லை. ஆனால் நீங்கள் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்தப் பதினான்கு மாதத்தில் நான் இருந்த நிலையில் மனித முகம் பார்க்கவே பிடிக்கவில்லை.

1. முதல் மூன்று நாள் வாயை மூடுங்கள், போனைக் கீழே வையுங்கள்

ஏமாந்தது எந்த நிமிஷத்தில் தெரிகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு வாட்ஸ்அப்பில் தெரிந்தது. அவருடைய படம் காணாமல் போய் சாம்பல் நிறத்தில் ஒரு தலை மட்டும் இருந்தது. நான் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக். இரண்டாவது டிக் வரவே இல்லை. அடுத்த நாள் பசாரில் என்னைப் பார்த்ததும் சட்டென்று மருந்துக்கடைச் சந்துக்குள் திரும்பிவிட்டார். என் கையில் இருந்த தேங்காய்ப் பை நழுவியது.

அந்த நேரத்தில் கை தானாகவே பேஸ்புக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். பெயரும் படமும் போட்டு "திருடன்" என்று எழுதிவிட்டால் கதை மாறிவிடும். பணம் கொடுத்த நீங்களே மானநஷ்ட வழக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் பேஸ்புக்கில் போடவில்லை, ஆனால் கடையில் நின்றபடியே நான்கு பேரிடம் சொன்னேன். பசார் மாலாம் (இரவுச் சந்தை) கூடுவதற்குள் அது நாற்பது பேருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச வழியே இல்லாமல் போனது. அது என் தப்புத்தான்.

இரண்டே பேரிடம் சொல்லுங்கள். ஒருவர் உங்களுக்காக ஜெபிக்கத் தெரிந்தவர், இன்னொருவர் கணக்குத் தெரிந்தவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அதிர்ஷ்டம்தான், எனக்கு அது அமையவில்லை. கணக்குக்கு எனக்குக் கிடைத்தவர் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கெராணி (கணக்கர்) ஒருவர். அவர் கோயிலுக்குப் போகிறவர். என் சபையில் பலருக்கு வராத பொறுமை அவருக்கு இருந்தது.

இந்த நாட்களில் செய்யக்கூடாதது இன்னொன்று உண்டு. பள்ளத்தை அடைக்க ஆலோங்கிடம் (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர்) போகாதீர்கள். ஒரு பள்ளம் இரண்டாகிவிடும்.

ராத்திரியில் தூக்கம் வராமல் தப்பான எண்ணம் வந்தால் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அப்படி அழைப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

2. கடவுளிடம் நேராகப் பேசுங்கள்

தேவையானவை: ஒரு பைபிள், ஒரு நோட்டு, கால்மணி நேரம். செலவு இல்லை.

எனக்கு வாய்த்தது விடியற்காலை நான்கு மணி. அரிசி வெந்துகொண்டிருக்கும், பாண்டான் இலை மணக்கும், வீட்டில் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் வாய்விட்டுப் பேசுங்கள். அழகாகப் பேச வேண்டாம். சங்கீதம் 55-ஐ எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். நடுவில், பன்னிரண்டாம் வசனத்திலிருந்து, எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பேன், செய்தது என்னோடு ஒன்றாக ஆலயத்துக்கு நடந்து வந்தவன் என்று புலம்பல் வரும். மூவாயிரம் வருஷத்துக்கு முன்பு யாரோ என் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

அடுத்தது 2 தீமோத்தேயு நான்காம் அதிகாரம். இதை வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். பவுல் ஜெயிலில் இருக்கிறார். கூட ஊழியம் செய்த தேமா விட்டுவிட்டுப் போய்விட்டான். முதல் விசாரணையில் பக்கத்தில் நிற்க ஒருவரும் வரவில்லை, எல்லாரும் கைவிட்டார்கள் என்று எழுதுகிறார். அடுத்த வரியிலேயே கர்த்தர் என்னோடு நின்றார் என்கிறார். அதே கடிதத்தில், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோல்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா, குளிர்காலத்துக்கு முன்னாலேயே வா என்றும் கேட்கிறார். கைவிடப்பட்ட மனுஷன் கடவுள் துணை நின்றதையும் எழுதினார், போர்வையையும் காகிதத்தையும் கேட்டார். இந்த இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

இந்தப் படியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நான் நன்றாக விழுந்தேன். கடவுளுக்குக் கெடு வைத்தேன். "கிறிஸ்துமசுக்குள் அந்தப் பணம் வரட்டும், நீர் உண்மையுள்ளவர் என்று அப்போது நம்புகிறேன்." கிறிஸ்துமஸ் வந்தது, கூரை ஒழுகியது, ஹாலில் இரண்டு வாளி வைத்தேன், பணம் வரவில்லை. அந்த வாரம் ஆலயத்துக்குப் போகவில்லை.

பிறகு மெதுவாகப் புரிந்தது. கர்த்தர் அந்த அண்ணனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவே இல்லை. "கர்த்தர் சாட்சி" என்று அவர் சொன்னதை, கர்த்தர் பொறுப்பு என்று நானாகவே மாற்றி எடுத்துக்கொண்டேன். மனுஷன் வாக்குத் தவறினதற்குக் கடவுள்மேல் பில் போட்டேன்.

கூட இருப்பவர்கள் "எல்லாம் நன்மைக்கே" என்று முதல் வாரத்திலேயே சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

3. கணக்கையும் ஆவணங்களையும் ஒரே பைலில் சேருங்கள்

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கெராணி ஐயா என்னைச் செய்ய வைத்தது இதுதான்:

பணம் எடுத்த நாள் சேமிப்புப் புத்தகத்தில் பதிவாகி இருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோஸ்டேட் எடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும், அதே நாளில் அதே தொகை கணக்கிலிருந்து போனது ஓர் ஆதாரம். பேங்க் வழியாக அனுப்பியிருந்தால் இன்னும் நல்லது, பரிமாற்ற ரசீது எடுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். அவர் கடன் வாங்கியதை ஒப்புக்கொண்ட வரிகள்தான் தங்கம். எனக்கு இருந்தது, "தங்கச்சி, அந்த 4600 மாசக் கடைசிக்குள்ள குடுத்துர்றேன், கோவிச்சிக்காதம்மா" என்ற ஒரே வரி. தேதியும் அவருடைய எண்ணும் தெரிகிற மாதிரி படம் பிடித்து அச்செடுங்கள். நான் நடுவில் போன் மாற்றினேன். குரல் செய்திகள் எல்லாம் போய்விட்டன. அதிலேதான் அவர் அழுதுகொண்டே சத்தியம் செய்திருந்தார். போனை மாற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் ஏற்றி வையுங்கள்.

செய்திகள் தமிழில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே மலாயில் எழுதி வையுங்கள். கோர்ட்டின் மொழி மலாய். சான்று பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டுமா என்பதைக் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று யோசியுங்கள். எனக்கு என் மகள் இருந்தாள். அவள் பெயரை எழுதிக்கொண்டேன்.

கடைசியாக ஒரே பக்கத்தில் ஒரு கணக்கு: தேதி, தொகை, என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், எவ்வளவு திரும்பியது, மீதி எவ்வளவு. உணர்ச்சி ஒரு வரிகூட வேண்டாம். அது அந்த விடியற்காலை நான்கு மணி ஜெப நோட்டுக்குப் போகட்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. வட்டி பேசிக் கொடுத்திருந்தால் வக்கீலிடம் கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடன் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பது குற்றம். கொடுத்தவர் மேலேயே அது திரும்பும். கூட்டுப் பணம் (சீட்டு) பிடித்து ஏமாந்தவர்களுக்கும் இதேதான். கூட்டு நடத்துவதைத் தடுக்க 1971-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. "எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே" என்பது பதில் ஆகாது.

இரண்டாவது, நாளைக் கணக்குப் பாருங்கள். இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட 6 வருஷம் காலக்கெடு. எழுத்தில், கையெழுத்தோடு அவர் கடனை ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி எண்ணலாம். நம்ம ஆட்கள் "பாவம், பொறுத்துப் பார்ப்போம்" என்றே அந்த ஆறு வருஷத்தைக் கரைத்துவிடுவார்கள்.

4. சபைக்குள் பேசுங்கள், ஆனால் காலம் குறித்துக்கொள்ளுங்கள்

இயேசு சொன்ன வழி மத்தேயு 18-இல் இருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாரம் வையுங்கள். மொத்தம் ஒன்றரை மாதம் போதும்.

தனியாகப் போகும்போது காலையில் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். வீட்டு மனைவி மக்கள் முன்னால் கேட்காதீர்கள். நான் ஒரு தப்புச் செய்தேன். அவருடைய மருமகள் டீ கொண்டுவந்து வைத்த நேரத்தில் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் தட்டோடு அப்படியே நின்றாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் குடிக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

சபைப் பெரியவர்களிடம் போனபோது எனக்குக் கிடைத்தது, "மன்னிச்சிடுங்க சிஸ்டர், கர்த்தர் உங்களுக்கு இரட்டிப்பாய்த் தருவார்" என்ற பதில். பணம் கொடுத்தவளிடம் வந்து மன்னிக்கச் சொன்ன அளவுக்கு, வாங்கினவரிடம் போய்த் திருப்பிக் கொடுக்கச் சொல்ல யாரும் போகவில்லை. முதலில் ஒருவர் கைவிட்டார், இப்போது ஐந்து பேர். இது முதலாவதைவிட வலித்தது.

உங்களுக்கும் இது நடக்கலாம். அப்போது இதைப் பிரித்துப் பாருங்கள்: மன்னிப்பது உங்கள் மனசில் நடப்பது, கடனைத் தள்ளுபடி செய்வது காகிதத்தில் நடப்பது. ஒன்றைச் செய்ததால் மற்றதும் நடந்துவிட்டதாக ஆகாது. நான் அவரை மன்னித்தது ஒரு புதன்கிழமை விடியற்காலையில். கடன் 4,600 வெள்ளி அப்போதும் அப்படியே இருந்தது.

விசுவாசி விசுவாசியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்று 1 கொரிந்தியர் 6-ஐ எடுத்து வைப்பார்கள். முழுவதையும் வாசியுங்கள். சகோதரருக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகிகூட உங்களுக்குள் இல்லையா என்று பவுல் அங்கே சபையைத்தான் முதலில் வெட்கப்படுத்துகிறார். ஆனால் நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக்கூடாது என்றும் அதே இடத்தில் கேட்கிறார். அதை நான் மறைக்கமாட்டேன். அந்த வசனத்தோடு மூன்று வாரம் இருந்தேன். கூரை என் மகள் தலைமேல் ஒழுகுகிறது, சபையில் தீர்க்க ஆள் இல்லை, எனவே போகிறேன் என்று முடிவு செய்தேன். பொறுத்துக்கொள்வது என்று நீங்கள் முடிவு செய்தால் அதுவும் நேர்மையான முடிவுதான். ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும். அடுத்தவர் வெட்கத்தை மூடுவதற்காக எடுக்க வேண்டாம்.

5. கையெழுத்துக் கேளுங்கள்

அவர் இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால், கோர்ட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஓர் ஒப்புதல் கடிதம், முடிந்தால் மலாயில். இரண்டு பேருடைய முழுப் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும், கடன் தொகை எண்ணிலும் எழுத்திலும், வாங்கிய தேதி, மாதம் எவ்வளவு எந்தத் தேதியில் கட்டுவார், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி உண்டு. அதைக் கட்டிவிட்டால் பிற்பாடு கோர்ட்டில் தாளைக் காட்டும்போது தகராறு வராது.

"கையெழுத்தா? என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் எரேமியா 32-இல் கிடைத்தது. எரேமியா காவலில் இருக்கிறார், வெளியே பாபிலோன் படை ஊரை வளைத்திருக்கிறது. அந்த நேரத்தில் கடவுள் சொன்னதால் பெரியப்பா மகன் அனாமெயேலிடம் ஒரு நிலம் வாங்குகிறார். விலை 17 சேக்கல் வெள்ளி. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளைக் கையெழுத்துப் போடச் செய்கிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். சொந்தப் பெரியப்பா மகன்! நிலத்தை வாங்கச் சொன்னதே கடவுள்! அப்படியும் காகிதம் விட்டுப்போகவில்லை.

கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்ததற்குக் காரணம், என் உயிரே அவர் பதிலில் தொங்கிக்கொண்டிருந்ததுதான். அவர் முகம் சுளித்தால் நான் செத்துப்போவேன் என்ற மாதிரி. என்னைத் தாங்குகிறவர் வேறு ஒருவர் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கிய பிறகுதான், அவரிடம் நேராக நின்று "அண்ணே, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லத் தைரியம் வந்தது. குரல்கூட உயரவில்லை.

அவர் போடவில்லை. அது வேறு விஷயம்.

6. மஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு

போலீசுக்கு முதலில் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் புகார் செய்யலாம். ஆனால் வாங்கின கடனைக் கட்டவில்லை என்பது மட்டும் என்றால் அது சிவில் விவகாரம். அதற்கான வழி வேறு.

அந்த வழிக்கு மலாயில் 'துந்துத்தான் கெச்சில்' என்று பெயர். 5,000 வெள்ளி வரை கேட்கலாம். தனி ஆள் போடும் வழக்குக்கானது இது. இரண்டு பக்கமும் வக்கீல் இல்லாமல் நாமே பேச வேண்டும். கடன் 8,000 என்றால் அதை இரண்டாக உடைத்து இரண்டு வழக்காகப் போட முடியாது. அதற்குச் சாதாரண வழக்குத்தான்.

வழக்குக்கு முன்னால் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். இன்ன தேதியில் இன்ன தொகை, 14 நாளுக்குள் கட்டவும், இல்லாவிட்டால் வழக்கு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பைலில் வையுங்கள். மிரட்டல் வார்த்தை வேண்டாம், வசனமும் வேண்டாம். என் முதல் நகலில் நியாயத்தீர்ப்பைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கெராணி ஐயா சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்துவிட்டார்.

பிறகு கோர்ட்டுப் பதிவு அலுவலகத்தில் பாரம் 198 என்ற படிவம். அவர் குடியிருக்கும் இடத்துக்கோ, விஷயம் நடந்த இடத்துக்கோ உரிய கோர்ட்டாக இருக்க வேண்டும். நான்கு பிரதி நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, ஆதாரங்களின் நகலோடு கொடுங்கள். ஐ.சி.யும் அசல் ஆவணங்களும் கையில் இருக்கட்டும். கட்டணம் சிறியதுதான். பாரம், தபால், போட்டோஸ்டேட், பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு வெள்ளிக்குள் முடிந்தது. கடை அடைத்த மூன்று நாள் வருமானம்தான் பெரிய செலவு. அதை எண்ணிக்கொள்ளுங்கள்.

பதிவானதும் எண்ணும் விசாரணைத் தேதியும் போட்டுத் தருவார்கள். எதிராளிக்கு அதைச் சேர்ப்பிப்பது நம் பொறுப்பு. நேரில் கொடுக்கலாம், அல்லது ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். நேரில் கொடுப்பது என்றால் நீங்களே போய்ச் சண்டையாக்காதீர்கள், தபாலே நல்லது. பழைய முகவரியில் அனுப்பித் திரும்பி வந்து இரண்டு மாதம் வீணானவர்களை எனக்குத் தெரியும். கிடைத்த நாளிலிருந்து 14 நாளில் அவர் பாரம் 199-இல் பதில் போட வேண்டும்.

விசாரணை நாளன்று சீக்கிரம் போங்கள். நீங்கள் வராவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். தமிழ்தான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உடை ஆலயத்துக்குப் போகிற மாதிரி இருக்கட்டும், சிலிப்பர் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர்ப் பெஞ்சில் பைபிள் இல்லாமல், முதன்முறையாக, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இந்த முகத்தின்மேல்தான் பத்தொன்பது வருஷம் என் நம்பிக்கையை வைத்தேனா என்று தோன்றியது. கோபம்கூட வரவில்லை. உள்ளே போனதும் கடனை ஒப்புக்கொண்டார். மாதம் 200 வெள்ளி கட்டுவது என்று உத்தரவானது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

7. தீர்ப்பு பணம் அல்ல

தீர்ப்பு கையில் கிடைத்ததும் பணமே வந்துவிட்ட மாதிரி இருக்கும். வராது. ஏழு மாதம் கட்டினார், 1,400 வெள்ளி. அப்புறம் அவருக்கு லாரி வேலை போயிற்று, கட்டுவதும் நின்றது. கட்டாவிட்டால் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடலாம், சொத்தைப் பறிமுதல் செய்யவும் கேட்கலாம். நான் இதுவரை போடவில்லை. வேலையில்லாத வீட்டில் எதைப் பறிமுதல் செய்வது? அந்த உரிமையை மட்டும் பைலில் வைத்திருக்கிறேன்.

கொடுத்த ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுங்கள். கடையில் விற்கிற சின்ன ரசீதுப் புத்தகம் போதும். இது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

8. வரவு நோட்டு ஒன்று வையுங்கள்

நான்கு மணி நோட்டின் பின்பக்கத்திலிருந்து நான் இன்னொன்று எழுதத் தொடங்கினேன். அன்றைக்கு வந்தது எதுவோ அது. தேதி போட்டு, ஒரே வரி. சும்மா ஆசீர்வாதம் என்று எழுதக்கூடாது, என்ன வந்தது என்று எழுத வேண்டும்.

என் நோட்டிலிருந்து சில: தேங்காய்க்காரத் தவுக்கே (முதலாளி), கேட்காமலே, இந்த வாரக் கணக்கு அடுத்த வாரம் தந்தால் போதும் என்றார். பக்கத்து வீட்டு மலாய் அக்கா தன் மகனை அனுப்பி, ஒழுகிய இடத்துக்கு மேல் நீலக் கித்தான் போட்டு மூன்று டயர் ஏற்றி வைத்தார். ஐந்தாம் தேதி, நாற்பது பொட்டலமும் எட்டு மணிக்குள் விற்றது. பன்னிரண்டாம் தேதி, ஒன்றும் வரவில்லை. அதையும் எழுதினேன். வராத நாளை எழுதாவிட்டால் அந்த நோட்டு பொய்யாகிவிடும்.

புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில் அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று இருக்கிறது. நாசி லெமாக் விற்கிறவளுக்கு இது சுலபமாக விளங்கும். சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்ந்த சோறு ராத்திரி தங்காது. நேற்றைய பொட்டலத்தை இன்றைக்குப் பிரித்தால் நாற்றம்தான். நேற்றைக்கு இருந்த நம்பிக்கையும் அப்படித்தான், இன்றைக்கு மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஒரே நாளில் விசுவாசிக்க முயற்சி செய்து நான் களைத்துப்போயிருந்தேன். இன்றைய நாற்பது பொட்டலத்துக்கு மட்டும் கேட்கத் தொடங்கினேன்.

மூன்று மாதம் எழுதுங்கள். பிறகு ஓர் ஓய்வு நாளில் உட்கார்ந்து வாசியுங்கள். நான் வாசித்தபோது கண்டது, வந்ததெல்லாம் நான் எதிர்பார்த்த ஆட்களிடமிருந்து வரவே இல்லை என்பதுதான்.

9. ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் பெரிய கேள்வி. ஊர் சின்னது, ஆலயமும் சின்னது. அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். ஆறு மாதம் நான் பின்பக்கக் கதவோரம் உட்கார்ந்து, கடைசி ஜெபத்துக்கு முன்னாலேயே எழுந்து போனேன். வேறு சபைக்குப் போகலாமா என்றும் பார்த்தேன். போனால் தப்பில்லை. நான் போகவில்லை, ஏனென்றால் என் வீட்டுக்காரரை அடக்கம் செய்தது அந்த ஆலயத்தில்தான்.

என் யோசனை: உங்கள் பழைய இடத்திலேயே உட்காருங்கள், கைகுலுக்கப் போக வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். கண் பட்டால் "தோத்திரம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு மேல் பேச்சு வளர்க்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பணத்தைப் பற்றி ஆலய வாசலில் ஒருபோதும் பேசாதீர்கள்.

போன சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். இரண்டு பொட்டலம், ஐந்து வெள்ளி. பத்து வெள்ளி நோட்டை நீட்டினார். மீதி ஐந்தைக் கொடுக்கப் போனேன். "அது இருக்கட்டும் தங்கச்சி, அதில் கழிச்சிக்க" என்றார். சம்பல் கையைத் துடைத்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, ஐந்து வெள்ளி என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீதி 3,195.